சுண்டைக்கும் தக்காளிக்கும் நடுவே ஒரு வாசல்

மஞ்சு கண்ணு,

ஞாயிற்றுக்கிழமை போனில் நீ கேட்ட கேள்விக்குப் பதில் சொல்லாமல், அடுப்பில் பால் வைத்திருக்கிறேன் என்று சொல்லி வைத்துவிட்டேன். அடுப்பில் பாலும் இல்லை, ஒரு மண்ணும் இல்லை. "அம்மா, நான் போகட்டுமா, இல்ல இங்கியே இருந்துடட்டுமா?" என்று கேட்டாய். கடல் தாண்டி ஒரு ஆராய்ச்சிக்கூடம் உன்னைக் கூப்பிட்டிருக்கிறது. இந்த வாரத்துக்குள் வருகிறேன் என்றோ வரவில்லை என்றோ நீ சொல்லியாக வேண்டும். உன்னைப் பிடித்து இழுப்பது நாங்கள் இரண்டு பேரும், பேரிகை ஊருக்குப் பக்கத்தில் இருக்கிற நம் நாற்றுப்பண்ணையும்தான் என்று எனக்குத் தெரியும். உன் அப்பாவுக்குச் சர்க்கரை, எனக்குக் கண் மங்கல், ஒத்துக்கொள்கிறேன். ஆனால் கடைசியில் ஒன்று சொன்னாய் பார், "நான் இல்லன்னா நீங்க மறுபடியும் எல்லாத்தையும் கெடுத்து வெச்சிடுவீங்க" என்று, அங்கேதான் எனக்குச் சுர்ரென்று ஏறியது. கோபம் வந்தால் எனக்குப் பேச்சு வராது, எழுத்து வரும். அதனால் எழுதுகிறேன். இதை நீ நாலு பேருக்குப் படித்துக் காட்டினாலும் எனக்கு வெட்கமில்லை. பெற்றவர்களைச் சாக்காக வைத்து வாசற்படியில் நின்றுகொண்டிருக்கிற பிள்ளைகள் நீ ஒருத்தி மட்டுமா?

முதலில் ஒரு விஷயம். நீ என்ன படித்தாய் என்று எனக்குப் புரியவில்லை என நினைத்துக்கொண்டிருக்கிறாய். நீ பட்டம் வாங்கிய சேதி வந்த அன்றே, மண்டியில் தக்காளி ஏலம் எடுக்கிற பஷீர் பாய் வீடு தேடி வந்துவிட்டார். "டாக்டர் பாப்பா எப்ப வருது? முட்டி வலி தாங்கல." அது செடிக்கு டாக்டர் பாய் என்றேன். "அப்ப செடிக்கு முட்டி வலிச்சா பாக்குமா?" என்றார் மனிதர். உட்காருங்கள் என்று டீ கொடுத்து அவருக்கு நான் விளக்கிய விளக்கத்தை நீ கேட்டிருந்தால், ஒன்று பட்டத்தைத் திருப்பிக் கொடுத்திருப்பாய், இல்லை எனக்கும் ஒன்று வாங்கித் தந்திருப்பாய்.

செடியின் உடம்பு முழுக்கச் சின்னச் சின்ன செல்கள், ஒவ்வொரு செல்லைச் சுற்றியும் கெட்டியான சுவர் என்று சொன்னேன். ஆடு மாடு மாதிரி எழுந்து போய் இன்னொன்றிடம் சேதி சொல்ல அதனால் முடியாது. பிறந்த இடத்திலேயே கிடக்க வேண்டியதுதான். ஆனால் அந்தச் சுவர்களில் கண்ணுக்குத் தெரியாத துளைகள் இருக்கின்றன. பிளாஸ்மோடெஸ்மாட்டா. பார், தப்பில்லாமல் எழுதிவிட்டேன். சொல்லும்போதுதான் பல் கழன்றுவிடும் போலிருக்கிறது. இதை நீ எனக்கு முதல்முதலாகச் சொன்னபோது, நாம் ஓசூரில் லைன் வீட்டில் இருந்தோமே, நடுச்சுவரில் செங்கல் பெயர்ந்த ஓட்டை வழியாகப் பக்கத்து வீட்டு கௌரம்மா கன்னடத்தில் கேட்பாள், நான் தமிழில் பதில் சொல்லிக் கறிவேப்பிலையை நீட்டுவேன், அந்த மாதிரியா என்று கேட்டேன். நீ தலையில் அடித்துக்கொண்டாய். "ஓட்டைன்னா அந்தப் பக்கம் வேற வீடும்மா. இதுல அப்படி இல்ல. ஒரு செல்லோட உள்தோல் துளை வழியா அப்படியே போயி அடுத்த செல்லுக்கும் உள்தோலா ஆயிடுது. ரெண்டு வீடு இல்ல. நடுவுல சுவர் வெச்ச ஒரே வீடு." எனக்கு உடம்பு சிலிர்த்துப் போனது. வேர் நுனியிலிருந்து பூ வரைக்கும் செடி முழுக்க ஒரே வீடா என்று கேட்டேன். கிட்டத்தட்ட அப்படித்தான் என்றாய்.

அந்த வாசல் எப்போதும் திறந்தே இருக்காது என்பதையும் நீதான் சொன்னாய். ஆபத்து என்று தெரிந்தால் செல் ஒரு பசையைச் சுரந்து வாசலைச் சுருக்கிக்கொள்ளும். சர்க்கரை அந்த வழியில்தான் போகும், பூக்க வேண்டிய நேரம் வந்துவிட்டது என்கிற சேதியும் போகும். வைரஸ் வந்தால் அதுவும் அதே வழியைத்தான் இடித்து அகலப்படுத்திக்கொண்டு போகும். நல்லதற்கும் கெட்டதற்கும் வழி ஒன்றுதான் என்று கேட்டபோது, நான் வேலை பார்த்த ஃபாக்டரி கேட் மாதிரி என்று நினைத்துக்கொண்டேன். புது ஊருக்குப் போகப்போகிறவளுக்கு நான் தனியாகப் புத்தி சொல்ல வேண்டியதில்லை. நீ படித்ததே அதுதான். யாரிடமும் பேசாமல் அறைக்குள் கிடக்காதே, கண்டவனுக்கும் கதவைத் திறக்காதே, சாப்பிடு. வேறு என்ன?

இனி அந்தக் "கெடுத்து வைத்த" கதைக்கு வருகிறேன். நீயே உன் வாயால் பலபேரிடம் சொல்லியிருக்கிறாய், ஆனால் ஒவ்வொரு முறையும் பாதியைத்தான் சொல்கிறாய்.

நம் காட்டில் தக்காளி வாட ஆரம்பித்த நாட்கள் உனக்கு நினைவிருக்கும். சாயங்காலம் கொழுகொழுவென்று நின்ற செடி, காலையில் பார்த்தால் பச்சை மாறாமலே தலை தொங்கிக் கிடக்கும். தண்டை வெட்டி டம்ளர் தண்ணீரில் விட்டால், வெட்டுவாயிலிருந்து பால் நூல் மாதிரி வெள்ளையாக ஒன்று இறங்கும். அது மண்ணில் இருக்கிற கிருமி, மருந்துக்கெல்லாம் மசியாது. ஒவ்வொரு போகமும் இப்படியே போனால் யார்தான் சலித்துப்போகமாட்டார்கள்? அந்த நேரம் பார்த்துச் சாலை ஓரமெல்லாம் கம்பெனி ஷெட்டுகள் வந்துகொண்டிருந்தன. நிலப் புரோக்கர் ஒருத்தர் புது பைக்கில் வந்து வந்து போனார். உன் அப்பா லேத் பட்டறைக்காரர், ஓசூர் தொழிற்பேட்டையில் இரும்போடு வாழ்ந்தவர். "இரும்பு நாம சொன்ன பேச்சு கேக்குது. இந்த மண்ணு கேக்குதா? தள்ளிவுட்டுடலாம்" என்றார். நான் முடியாது என்றேன். பூர்வீக மண், புனித மண் என்றெல்லாம் நான் பேசவில்லை. அசெம்பிளி லைனில் இருந்த காலமெல்லாம் என் முதுகுக்குப் பின்னால் ஒரு இன்சார்ஜ் நின்றுகொண்டிருந்தான். தண்ணீர் குடிக்கப் போனாலும் அவனிடம் கேட்க வேண்டும். எனக்கு மேலே இன்சார்ஜ் இல்லாத ஒரே இடம் அந்தக் காடுதான். அதை விட்டுவிடச் சொன்னால் நான் எங்கே போவேன்?

நீ லீவுக்கு வந்தவள், காட்டில் செத்துக்கிடந்த தக்காளியைப் பார்க்கவில்லை. போர்வெல் வாய்க்கால் ஓரத்தில் தானாக முளைத்து நின்ற சுண்டைக்காய்ச் செடியைப் பார்த்தாய். "இது மட்டும் ஏம்மா வாடல?" என்று கேட்டுவிட்டு நீயே பதிலும் சொன்னாய். அந்தக் கிருமியைச் சுண்டை வேர் சுலபமாக உள்ளே விடாது, சுண்டை வேரின் மேல் தக்காளித் தலையை ஒட்டவைக்கலாம் என்றாய். மாமரத்தில் ஒட்டுக்கட்டுவது நம் ஜில்லாவில் புதுசா என்ன? ஆனால் அரைச்சாண் நாற்றில், அதுவும் சுண்டைக்கும் தக்காளிக்குமா என்று நானே வாயைப் பிளந்தேன். சுண்டை முளைக்க நாளாகும், அதனால் அதை முன்கூட்டியே விதைத்தோம். இரண்டு நாற்றையும் சாய்வாக வெட்டி, வெட்டுவாயோடு வெட்டுவாய் வைத்துக் கிளிப் மாட்டி, பிளாஸ்டிக் கூடாரத்துக்குள் இருட்டிலும் ஈரத்திலும் அடுக்கினோம். நீ படிப்புக்கு மறுபடி பெங்களூருக்குக் கிளம்பும்போது, "அம்மா, இப்ப இதுங்க ரெண்டும் அன்னியம். வெட்டுவாயில புதுசா செல் வளரணும், அந்தச் சுவருல புதுசா வாசல் திறக்கணும். சுண்டைக்கும் தக்காளிக்கும் நடுவுல பேச்சு ஆரம்பிக்கற வரைக்கும் கூடாரத்தைத் திறக்காதீங்க" என்று படித்துப் படித்துச் சொன்னாய்.

நாங்கள் திறக்க வேண்டும் என்று திறக்கவில்லை மஞ்சு. ஆயுத பூஜை வந்துவிட்டது. உன் அப்பாவைப் பற்றி உனக்குத் தெரியாதா? தீபாவளிக்குப் புதுச்சட்டை போடாவிட்டாலும் பரவாயில்லை, ஆயுத பூஜைக்கு லேத் மெஷினிலிருந்து வீட்டு மிக்ஸி வரைக்கும் சந்தனம் குங்குமம் வைக்காமல் அவருக்குச் சோறு இறங்காது. உழைக்கிற பொருள் எதையும் அன்றைக்கு மூடி வைக்கக் கூடாது என்பது அவர் கட்சி. நம்மிடம் வேலை செய்கிற வெங்கட்டம்மா வேறு, "அதுங்க மட்டும் என்னா பாவம் பண்ணுச்சுங்க? நல்ல நாளும் அதுவுமா இருட்டுல கெடக்குதுங்க" என்று எடுத்துக் கொடுத்தாள். அவ்வளவுதான். கூடாரத்தைச் சுருட்டி மேலே போட்டு, நாற்றுத் தட்டு ஒவ்வொன்றுக்கும் குங்குமம் வைத்து, கற்பூரம் காட்டி, பூசணிக்காய் உடைத்து, பொரிகடலை சாப்பிட்டு, சாமி வெளிச்சம் படட்டும் என்று அப்படியே விட்டுவிட்டோம். ஆக்கப் பொறுத்தவர்களுக்கு ஆறப் பொறுக்கவில்லை. மறுநாள் உச்சி வெயிலில் போய்ப் பார்த்தால் ஒன்று பாக்கியில்லாமல் எல்லாத் தலைகளும் தொங்கிவிட்டன. உன் அப்பா இடுப்பில் கை வைத்துக்கொண்டு, "பாரு, பூஜை போட்டதுக்கு எல்லாம் குனிஞ்சு கும்புடுது" என்றார். என் கையில் இருந்த பூவாளி எங்கே போய் விழுந்தது என்று இன்றுவரைக்கும் தெரியவில்லை.

நீ சொல்கிற கதை இங்கேயே முடிந்துவிடும். எல்லாரும் சிரிப்பார்கள். மீதியை நான் சொல்கிறேன் கேள்.

திங்கட்கிழமை புரோக்கரை வரச்சொல்லிவிட்டேன் என்றார் உன் அப்பா. நான் உனக்குப் போன் செய்து அழுதேன். நீ திட்டவில்லை. அடுத்த பஸ் பிடித்து வந்து, பையைக்கூடக் கீழே வைக்காமல் நேராக அவர் முன்னால் போய் நின்றாய். "அப்பா, பட்டறையில ரெண்டு துண்டை சேத்து வெல்டிங் வெக்கறீங்க. சூடு ஆறுறதுக்குள்ள கிளாம்ப்பைக் கழட்டுவீங்களா?" அவர் உன்னை ஏற இறங்கப் பார்த்தார். "எந்த மடையன் கழட்டுவான்?" என்றார். சொன்ன பிறகுதான் சொன்னது அவருக்கே காதில் விழுந்தது போலிருக்கிறது. வெங்கட்டம்மா முந்தானையால் வாயை மூடிக்கொண்டு திரும்பி நின்றாள். அப்புறம் அவர் மெதுவாகக் கேட்டார், "எத்தினி நாள் ஆகும் அது ஆற?" ஒரு வாரம் போலப் பிடிக்கும் என்றாய். "அதை முதல்லியே இப்படிச் சொல்லியிருந்தா எனக்குப் புரிஞ்சிருக்காதா? என்னமோ வாசல் திறக்குது, பேச்சு நடக்குதுன்னு கதை சொன்னா?" என்று உன் மேலேயே பழியைப் போட்டார். அடுத்த போகம் முடிந்து வாருங்கள் என்று புரோக்கரிடம் அன்றைக்கே போனில் சொன்னதும் அவர்தான். ஒரு போகம்தான் தருவேன், இதுவும் படுத்துவிட்டால் நிலத்தைப் பற்றி யாரும் என்னிடம் வாய் திறக்கக் கூடாது என்றார். நீயும் நானும் சரி என்றோம்.

அதற்குப் பிறகு அவர் போட்ட ஆட்டத்தை நீ பாதிதான் பார்த்தாய். நீ பெங்களூர் போனதும் மறுபடி சுண்டையை விதைக்கச் சொல்லிவிட்டு, பட்டறைக்குப் போய் ஒரு ஜிக், நாற்றைப் பிடித்துக்கொள்கிற இரும்புச் சட்டம், செய்துகொண்டு வந்தார். நாற்றை அதன் பள்ளத்தில் வைத்துப் பிளேடை இறக்கினால் ஒவ்வொரு வெட்டும் ஒரே சாய்வில் விழும், சுண்டையும் தக்காளியும் முகத்தோடு முகம் இடைவெளி இல்லாமல் பொருந்தும். செல்லும் செல்லும் தொட்டுக்கொண்டால்தானே வாசல் திறக்கும்? பீடி பிடித்த கையோடு நாற்றைத் தொட்டால் புகையிலையில் இருக்கிற வைரஸ் ஒட்டிக்கொள்ளும் என்று நீ சொன்னதைக் கேட்டுவிட்டு, சோப்புப் போட்டுக் கை கழுவாமல் காட்டுக்குள் கால் வைக்கமாட்டார். அப்புறம் எதற்கு இந்தத் தொல்லை என்று பீடியையே விட்டுவிட்டார். நான் காலமெல்லாம் கெஞ்சி நடக்காதது, செடிக்காக நடந்தது. எனக்குக் கோபமும் வந்தது, சந்தோஷமும் வந்தது. கூடாரத்தின் வாயில் ஒரு ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்துகொண்டு என்னையே உள்ளே விடவில்லை. "நீ எட்டிப் பாத்தா அதுங்களுக்கு என்னா லாபம்? போ அந்தாண்ட." இன்சார்ஜே இல்லாத இடம் என்று நான் பீற்றிக்கொண்டிருந்த காட்டில், தாலி கட்டினவரே இன்சார்ஜாக வந்து உட்கார்ந்தார்.

கூடாரத்தைக் கொஞ்சம் கொஞ்சமாகத் திறந்து பழக்கி, கடைசியில் முழுசாகத் திறந்தபோது நாற்றுகள் நிமிர்ந்து நின்றன. வெட்டுவாயில் சின்னதாக ஒரு வீக்கம், அவ்வளவுதான். கீழே சுண்டை, மேலே தக்காளி. புதுத் துளிர் ஒன்று விட்டிருந்தது. அந்தத் துளிருக்குத் தண்ணீர் கொடுத்தது சுண்டை. அந்தச் சுண்டை வேருக்குச் சர்க்கரை அனுப்பியது தக்காளி. நீ படிக்கிறதாகச் சொன்ன வாசலை அன்றைக்குத்தான் என் கண்ணால் பார்த்தேன். வாசலை எங்கே பார்க்க முடியும்? அது திறந்திருக்கிறது என்பதைப் பார்த்தேன். வெங்கட்டம்மா, "தேவுடா, பொழைச்சுக்கிச்சே!" என்று கத்தின கத்தலில் ரோட்டில் போன டெம்போக்காரன் வண்டியை நிறுத்திவிட்டான்.

காட்டில் பாதிக்குச் சும்மா நாற்றும் பாதிக்கு ஒட்டு நாற்றும் வைக்கச் சொன்னாய். ஒரே மண், ஒரே தண்ணீர். மழை வந்தது. சும்மா வைத்த பக்கம் வழக்கம் போல ஒவ்வொன்றாகத் தலை சாய்ந்தது. ஒட்டுப் பக்கத்தை நான் தினமும் விடியற்காலையில் போய்ப் பார்ப்பேன். நிற்கும். மறுநாளும் போவேன். நிற்கும். காய் பிடித்து, கனம் தாங்காமல் கயிறு கட்டி நிறுத்தினோம். சொன்ன சொல் தவறாமல் புரோக்கர் வந்தார், கம்பெனி ஆள் ஒருத்தரையும் கூட்டிக்கொண்டு. இரண்டு பேரும் வரப்பில் நின்றார்கள். இந்தப் பக்கம் செத்த காடு, அந்தப் பக்கம் சிவக்கச் சிவக்கத் தக்காளி. "என்னாண்ணே, முடிச்சுக்கலாமா?" என்று கேட்டார் புரோக்கர். உன் அப்பா குனிந்து நல்ல பழமாக இரண்டு பறித்து ஆளுக்கு ஒன்று கொடுத்தார். "சாப்பிட்டுப் பாத்துட்டுக் கெளம்புங்க. வெயிலுக்கு முன்ன போய்ச் சேரணும்ல" என்றார். நான் கல்யாணமான நாளிலிருந்து அந்த மனிதரை அவ்வளவு அழகாகப் பார்த்ததில்லை. எழுதவே வெட்கமாக இருக்கிறது, ஆனால் உண்மை.

அப்புறம் நடந்ததெல்லாம் ஊருக்கே தெரியும். காவேரிப்பட்டினத்திலிருந்து கேட்டு வந்தார்கள், தேன்கனிக்கோட்டைப் பக்கத்திலிருந்து கேட்டு வந்தார்கள், கர்நாடகத்துக்காரர்கள் எல்லை தாண்டி வந்து கன்னடத்தில் பேரம் பேசினார்கள். தக்காளிக் காடு நாற்றுப்பண்ணை ஆயிற்று. நீயும் அந்த ஒட்டுவாயிலேயே ஆராய்ச்சி செய்தாய். இரண்டு வேறு வேறு செடிகளின் சுவரில் புது வாசல் எப்படித் திறக்கிறது என்று மைக்ராஸ்கோப்பில் பார்த்துப் பார்த்துக் கண்ணுக்குக் கண்ணாடி போட்டுக்கொண்டாய். பட்டத்துக்கான தேர்வில் கேள்வி கேட்ட பெரியவர்கள் எல்லாரும் எழுந்து நின்று கை தட்டினார்கள் என்று உன் தோழி எனக்குச் சொன்னாள். நீ சொல்லவே இல்லை. இவ்வளவு அடக்கம் உனக்கு யாரிடமிருந்து வந்தது? என்னிடமிருந்து இல்லை.

இப்போது உன் கேள்விக்கு வருகிறேன். மூன்று மாதத்துக்கு முன்னால் நீ பட்டத்துக்கான கடைசி வேலையில் மூழ்கி, போன்கூட எடுக்காமல் இருந்தாயே, அப்போது இங்கே ஒரு காரியம் நடந்தது. உன்னிடம் சொல்லக் கூடாது என்று நான் உன் அப்பாவிடம் சத்தியம் வாங்கியிருந்தேன். சிங்காரப்பேட்டையிலிருந்து ஒரு பெரிய ஆர்டர் வந்தது, பஷீர் பாய்தான் பேசிக் கொண்டுவந்தார். இவ்வளவு பெரிய ஆர்டரை நீ இல்லாமல் நாங்கள் எடுத்ததே இல்லை. பாப்பாவைக் கேட்டுவிடலாம் என்று உன் அப்பா போனைக் கையில் எடுத்தார். நான் பிடுங்கிக்கொண்டேன். சுண்டை எப்போது விதைக்க வேண்டும் என்று நானும் வெங்கட்டம்மாவும் பேசி முடிவு செய்தோம். தண்டுகள் ஒரே பருமனுக்கு வரவில்லை என்று ஒரு வரிசையைத் தள்ளிவைத்தது நான். வெட்டியது வெங்கட்டம்மா. நாற்று கூடாரத்தில் இருக்கும்போது நடுவில் இரண்டு நாள் அடைமழை பெய்து கரண்டும் போனபோது, உள்ளே பூஞ்சணம் பிடிக்குமே என்று ஓரத்தை எவ்வளவு தூக்குவது, எப்போது இறக்குவது என்று மண்டையை உடைத்துக்கொண்டோம். நீ அந்தப் பாடத்தை எங்களுக்குச் சொல்லித் தரவே இல்லை. உன் அப்பாவும் நானும் சண்டை போட்டு, கத்தி, சமாதானமாகி, நாங்களே ஒரு முடிவுக்கு வந்தோம்.

இன்று காலை லாரி வந்து ஏற்றிக்கொண்டு போனது. தட்டுத் தட்டாக எல்லாம் நிமிர்ந்து நின்ற நாற்று. டிரைவர் பையன் ஒரு நாற்றைத் தூக்கிப் பார்த்துவிட்டு, "டாக்டரக்கா பண்ணதா?" என்று கேட்டான். உன் அப்பா எப்போதும் "ஆமாம்பா, எம் பொண்ணு" என்று மார்பை நிமிர்த்துவார். இன்றைக்கு என்னைப் பார்த்தார், வெங்கட்டம்மாவைப் பார்த்தார். "இல்லப்பா. இது நாங்க பண்ணது" என்றார்.

லாரி திரும்பிப் போகும்வரைக்கும் சிரித்துக்கொண்டு நின்றேன். அப்புறம் பம்ப் ரூமுக்குப் பின்னால் போய் அழுதேன். நீ போய்விடுவாய் என்று அழுதேன், போகலாம் என்று ஆகிவிட்டதே என்றும் அழுதேன். எனக்கு நீ பக்கத்திலேயே இருக்க வேண்டும் என்று ஆசை. அதை மறைக்க நான் ஒன்றும் தெய்வம் இல்லை. ஆனால் என் ஆசைக்காக நீ நின்றுவிட்டால், அந்தக் காட்டில் நாம் மூன்று பேரும் ஜெயித்தது தோற்றுப் போனதாகிவிடும். இதையெல்லாம் ஞாயிற்றுக்கிழமை சொல்லத் தெரியவில்லை. இப்போது சொல்லிவிட்டேன். போ கண்ணு. வருகிறேன் என்று அவர்களிடம் சொல்லிவிட்டு, டிக்கெட்டையும் போட்டுவிட்டு எனக்குப் போன் செய். அதற்கு முன்னால் செய்தால் நான் எடுக்கமாட்டேன்.

உன் அம்மா